ஒரு துளை மேலே

"விட்டுத் தொலை அந்த போல்ட்டை! ஹட்சின்ஸ் வீட்ல நாய்க்குட்டி முதக்கொண்டு கிளம்பியாச்சு, டாரல்!"

வெர்னா கத்தியதில் தப்பில்லை. வாசல் சாலையில் மெத்தை கட்டிய கார்களும் குதிரை ஏற்றிய வண்டிகளும் ஊர்ப்பக்கம் பறந்துகொண்டிருந்தன. மேட்டுக்குப் பின்னால் வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. அமெரிக்காவின் கிழக்கு ஆரிகனில் ஆகஸ்ட் மாதத்துக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

டாரல் பிக்கப்பின் பின்னால் மண்டியிட்டிருந்தான். எதிரே, ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட ட்ரெய்லர், முதுகு நிறையச் சுமையோடு நின்றது. போன மாதம் ஏலத்தில் எடுத்தது. அதன் மூக்கிலிருந்த இரும்பு வளையம் ராணுவ லாரியின் உயரத்துக்குச் செய்தது, பிக்கப்போ குள்ளம். அதனால் பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்புப் பலகை வைத்து, மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள் போட்டு, கொக்கியை வேண்டிய உயரத்தில் பூட்டும்படி செய்திருந்தான்.

நேற்று அளந்தபோது கச்சிதமாக இருந்தது. ஆனால் நேற்று அளந்தது காலி வண்டியை. மாடு வளர்க்கிறவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது செய்கிற முட்டாள்தனம் இது. இன்று டீசல் கேன், மண்வெட்டி, மோட்டார் எல்லாம் ஏறியதும் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. கொக்கியும் கூடவே இறங்கிவிட்டது. மாட்டிப் பார்த்தால், ட்ரெய்லர் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் குனிஞ்சுதான் இருக்கட்டுமே. குடியா முழுகிடும்?"

"குடிதான் முழுகும். அத்தனை பாரமும் பின்னால அழுத்தினா முன் சக்கரம் தூக்கிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புவேன், வண்டி திரும்பாது. வளைவுல நேரா ஆத்துக்குள்ள போய் விழ வேண்டியதுதான்."

"நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள எல்லாம் சாம்பலாயிடும்."

டாரல் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். கொக்கியை ஒரு துளை மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் முரட்டுக் காளையைப் பிடித்துச் சூடு போடுகிற கை, இன்று ஒரு நட்டை மரையில் உட்கார வைக்க முடியாமல் மூன்று தரம் தவறவிட்டது. பயம்தான். அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால், போல்ட்டையும் அதைச் செய்தவனின் பரம்பரையையும் திட்டினான்.

காற்று திசை மாறியது. சாம்பல் துகள்கள் அவன் முதுகில் வந்து விழுந்தன. வெர்னாவின் இடுப்பிலிருந்த ரேடியோ கரகரத்தது. அவள் தம்பி லைல்.

"அக்கா, இன்னும் கிளம்பலையா? உங்களைத்தான் பாத்துட்டிருக்கோம்."

"இதோ கிளம்பிட்டோம்டா. உங்க மாமா அளவெடுத்துட்டிருக்காரு, ட்ரெய்லருக்குக் கோட்டு தைக்கப் போறாரு போல."

"விளையாடாதக்கா. சீக்கிரம் வாங்க."

லைல் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன். இன்று அவன் குரலில் சிரிப்பே இல்லை. வெர்னாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஷெரீப் ஆபீஸ் வண்டி ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு வந்தது. "யாரும் வீட்ல இருக்காதீங்க! உடனே ஊருக்குப் போங்க!" இவர்கள் வாசலில் வந்ததும் வேகம் குறைந்தது. ஓட்டி வந்தவன் ட்ரெய்லரைப் பார்த்தான், டாரலைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குமேல் வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. தானே ஜாக்கியைப் போட்டு ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கினாள். டாரல் கொக்கியை ஒரு துளை ஏற்றிப் பிடிக்க, அவள் போல்ட்டைச் செருகினாள். அவன் உடம்பின் பாரத்தை எல்லாம் ஸ்பேனரில் போட்டு இறுக்கினான். வளையம் கொக்கியில் விழுந்தது.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"திருப்தியா? ஏறு!"

சங்கிலியை மாட்டிவிட்டு ஏறினான். சாவியைத் திருப்பியவன் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"வெர்னா, எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு? எடு வண்டியை."

கேட்டைத் தாண்டியதும் சாலை. இடப்பக்கம், ஊரைப் பார்த்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒரு புண்ணியவதி தன் காரை நிறுத்தி, நுழைந்துகொள்ளச் சொல்லிக் கையசைத்தாள். டாரலின் கை தானாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்தது.

வெர்னா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் திருப்பு, டாரல்... நாம ட்ரெய்லர்ல கொண்டுபோற தண்ணிய நம்பி லைல் அங்க நெருப்புக்கு முன்னால நிக்கிறான்."