உச்சியிலிருந்து வந்த பதில்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், குண்டசாலையில் மரம் வெட்டும் தொழில் இன்று காலை ஒன்பது மணி முதல் நவீனமடைந்துவிட்டது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் இனி வோக்கிடோக்கியில்தான் பேச வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி பொன்னுத்துரை அரை மணி நேரம் உரையாற்றினார்.

மாரா மரத்தின் உச்சியில் யாகப்பர் இலைகளுக்குள் மறைந்திருந்தார். அவர் அறுத்த கொப்பைத் தாங்கிய கயிறு, கீழே அவர் மனைவி கிறேஸின் கையில் இருந்தது. அவர் ஒதுங்குமுன் அவள் விட்டால், கொப்பு அவர் மேல்தான் சாயும்.

பொன்னுத்துரை வோக்கிடோக்கியை வாயருகே பிடித்தார். "கொப்ப இறக்கலாமா?"

"ஓகே சேர்," என்றது அது, கரகரத்து.

"கேட்டுச்சா? கயித்த விடு!" என்று கிறேஸிடம் திரும்பினார்.

"மாட்டேன் சேர். ஒதுங்கிட்டா அவரு கயித்த மூணு தரம் இழுப்பாரு. இன்னும் இழுக்கல."

"அதான் வாயால சொல்லிட்டானேம்மா!"

"வாயால ஆயிரம் சொல்லுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடியும் சொன்னாரு."

"நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவல்ல!"

"வரல சேர். ஆனா இப்ப விடமாட்டேன்."

உள்ளங்கை எரிந்தது. கிறேஸ் கயிற்றை அடிமரத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அது மூன்று தரம் இழுபட்டது. கொப்பை மெதுவாக இறக்கினாள்.

யாகப்பர் தரைக்கு வந்ததும் பொன்னுத்துரை பாய்ந்தார். "ஒதுங்குறதுக்கு முன்னாடி ஏன்யா ஓகேன்னு சொன்ன?"

"நானா? எதுல சேர்?" யாகப்பர் வெறுங்கையை விரித்தார்.

வீதி வளைவுக்கு அப்பால் நின்ற ஜீப்பிலிருந்து, மற்ற வோக்கிடோக்கியோடு டிரைவர் லக்ஸ்மன் ஓடிவந்தான். "சேர், இத அவருகிட்ட குடுக்க மறந்துட்டீங்க!"

"அப்ப பதில் சொன்னது யாரு?"

"நான்தான் சேர்."

எட்டு வருடமாகப் பொன்னுத்துரை எதைக் கேட்டாலும் லக்ஸ்மன் சொல்லும் பதில் 'ஓகே சேர்' ஒன்றுதான்.