ஆணியைப் பிடுங்கியவர்கள்

பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் ஞானதுரைக்கு, பக்கத்து மேசைச் சென்னியப்பனிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சென்னியப்பனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சபையில் சாட்சி சொல்ல எழுந்தாலே ஞானதுரைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சென்னியப்பனிடம் கற்ற சைகைகளில் கூச்சம் இல்லை. ஒரு மதியம் சாப்பிட்டு முடித்ததும் சொல்லத் தொடங்கினான்.

ஒருவர் இருந்தார், தச்சு வேலை செய்தார், நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கினார் என்பதுவரை கை தடுமாறவில்லை. பிறகு விரலால் உள்ளங்கையைக் குத்தி, அவரை ஆணியால் அறைந்ததைக் காட்டினான். சென்னியப்பன் பதறி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா, ரெண்டு பேரும் கையிலயே சண்டை போடறீங்களா?" என்றாள் செக்கிங் பகுதியில் இருக்கும் பொன்னாத்தா.

"இல்லீங்க்கா, எங்க சாமியப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்."

அவர் உயிர்த்தெழுந்ததைச் சொல்ல ஞானதுரை அவசரப்பட்டான். சென்னியப்பன் விடவில்லை. அந்த ஆணிகளை யார் பிடுங்கினார்கள் என்று கேட்டான். இதுவரை கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் அது வந்ததாக ஞானதுரைக்கு நினைவில்லை. சற்று யோசித்து, இரண்டு கைகளையும் கோத்துக் காட்டினான். சிநேகிதர்கள்.

சென்னியப்பனின் முகம் தெளிந்தது. ஞானதுரையின் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அங்கே இல்லாத ஆணியை, வலித்துவிடுமோ என்று பயந்தவன்போல, மெல்ல மெல்லப் பிடுங்கினான்.

"பெல் அடிச்சிருச்சு, எந்திரிங்கப்பா!" என்றாள் பொன்னாத்தா.

ஞானதுரை மற்றொரு கையையும் நீட்டினான்.