ஏரி ஊற்றும் கொசுறு

விக்டோரியா ஏரிக்கரையில் உயிரின் விலை கேனுக்கு ஐந்து ஷில்லிங், கொசுறு கிடையாது. குழாயடியில் நல்ல தண்ணீர் விற்கும் அபோண்டி, கேனில் போட்ட கோடு வரை அளந்து ஊற்றுகிறாள். போன வாரம்தான் ஏரித் தண்ணீர் குடித்த இரண்டு பிள்ளைகளைக் காலரா கொண்டுபோனது. முதுகில் குழந்தையோடு வந்த அகேயோ காசைக் கொடுத்துவிட்டு, கேனின் கழுத்தில் நாலு விரல் வெற்றிடத்தை முறைக்கிறாள். நேரே ஏரிக்கு நடக்கிறாள். வெயிலில் அலை கண்ணைக் கூசவைக்கிறது. மூடியைத் திறந்து குனிகிறாள். "அடியே, அந்தத் தண்ணியைக் கலக்காதேடி!" என்று அபோண்டி அலறிக்கொண்டு ஓடுகிறாள். "தளும்பாத கேனோட போனா மாமியா சிரிப்பா. நீ ஊத்தலை, ஏரி ஊத்துது," என்கிறாள் அகேயோ. அதற்குள் களுக்கென்று ஒரு கை ஏரித் தண்ணீர் உள்ளே விழுகிறது. அபோண்டி கேனைப் பிடுங்கி மணலில் கவிழ்க்கிறாள். தண்ணீருக்கு நிற்கும் வரிசை எட்டிப் பார்க்கிறது. அபோண்டி குழாயடியில் கேனை அலசி, இம்முறை வாய் தளும்ப நிரப்புகிறாள். "அப்ப எங்களுக்கும் தளும்பத்தான் வேணும்!" என்று வரிசை கத்துகிறது. வரவு ஐந்து ஷில்லிங். மணல் குடித்தது ஒரு கேன். இனி கேனுக்கு நாலு விரல் அபோண்டியின் கைநஷ்டம். ஏரி கொண்டுபோகும் கணக்கில் ஒரு பிள்ளை குறைவு.