தலைவர் நாற்காலி

வலியசாலைச் சங்கத்தில் தலைவர் பதவி காலி. தேர்தல் கூட்டத்தில் வக்கீல் சேஷகிரியும் பென்ஷன் பேஷ்கார் தாணு ஐயரும் நாற்காலியை நடுவில் வைத்து முட்டிக்கொண்டார்கள்.

"சீனியாரிட்டியைப் பாரும் ஓய்!" என்று வக்கீல் குடையால் பேஷ்கார் மண்டையைப் பிளந்தார்.

"யோக்கியதையைப் பாரும்!" என்று பேஷ்கார், வக்கீலின் குடுமியைப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டு பற்கள் தெறித்தன. ஜமக்காளமெங்கும் ரத்தம்.

வக்கீல் மயங்கிச் சரிந்தார். பேஷ்கார் அவரைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் மாலையைப் போட்டார்.

புது மெம்பர் திகைத்தார். "ஜெயிச்சது நீரல்லவா ஓய்?"

"அதனாலதான் தப்பிச்சேன். இதுல உட்கார்ந்த மூணு பேரும் முழுசா ஒரு மாசம் திகையறதுக்குள்ள செத்துப்போயாச்சு!"

'மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் நான்காவது தலைவர் ஏகமனதாகத் தேர்வானார்' என்று காரியதரிசி மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.