வயிற்றில் ஒரு முகம்

உலகை வென்ற அலெக்சாந்தரின் புகழை அழியாமல் காக்கவென்றே கடவுள் படைத்த கை, சகோதரர் விக்பெர்ட்டின் கை. அந்தக் கை இப்போது ஒரு தொப்புளுக்கு மேலே கிளிமூக்கு வரைந்துகொண்டிருந்தது.

கிறிஸ்தவ மடத்தில் ஆயருக்காகத் தயாராகும் லத்தீன் ஏடு அது. கழுகுத் தலைச் சிங்கங்கள் தூக்கிய கூடையில் மன்னர் வானத்துக்கு ஏறியாயிற்று. பீப்பாய்க்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கியாயிற்று. பாக்கி, இந்தியாவில் அவர் கண்ட தலையில்லாத மனிதர்கள். அவர்களுக்கு முகம் வயிற்றில்.

"கழுத்துக்கு மேல உனக்கு இருக்கிறது தலையா, சுரைக்காயா?" ஏட்டில் சிந்திய ஒரு சொட்டு மைக்காக, மடத்தின் துணைத்தலைவர் ஆடல்கர் சாப்பாட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டது இது. தவக்காலம் நாற்பது நாளும் விக்பெர்ட்டைத் தரையில் உட்கார்ந்து தின்ன வைத்தார்.

இன்றைக்குத் தலையில்லாதவனுக்கு அந்த ஆடல்கரின் முகம். கிளிமூக்கு, தொங்கு கன்னம், காணாமல் போன மோவாய். ஒன்றையும் விடவில்லை.

மை அரைக்கும் சகோதரர் லாண்டோ எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "யோவ், தெரிஞ்சுதான் வரைஞ்சியா?"

"பின்னே? நாளைக்கு ஆயர் வந்து மடத்துக்குப் புதுத் தலைவரை அறிவிக்கப் போறாரு. இந்த மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சப்புறம், இதுக்குப் போய்ப் பதவி குடுப்பாரா?"

"இந்த மூஞ்சிக்கா? குடுக்கமாட்டாரு," என்றார் லாண்டோ. "ஆனா உன் துணிச்சல் எனக்கு வராதுப்பா."

விக்பெர்ட்டுக்குப் பெருமையாக இருந்தது. அவர் தன் முகத்தைப் பார்த்து இருபத்தெட்டு வருடம். மடத்தில் கண்ணாடி கிடையாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே மூன்று நாள் பட்டினி. இருந்தாலும் அது அருள் வழியும் முகம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. வாசலுக்குப் போனால் பால்காரிகள் மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டு, சினைமாட்டுக்கு ஆசி கேட்பார்கள். லாண்டோவை ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுநாள் ஆயர் ஏட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் மேசை குலுங்கச் சிரித்தார்.

"யாருப்பா இந்த அழகன்?"

"இந்த அறையிலேயே இருக்காரு, ஆண்டகை," என்றார் விக்பெர்ட், பூனைபோல.

ஆடல்கர் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுக்கும், வியர்க்கும் என்று விக்பெர்ட் காத்திருந்தார். முகம் மலர்ந்தது.

"இவர்தான் ஆண்டகை!" இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல, இரண்டு விரல்கள் நீண்டன. விக்பெர்ட்டின் விரல் ஆடல்கரை நோக்கி. ஆடல்கரின் விரல் விக்பெர்ட்டை நோக்கி.

பின்னால் நின்ற சகோதரர்கள் இருமத் தொடங்கினார்கள். ஆயர் ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்களா?"