கார்டின் ஓரத்தில் எழுதிய வரி

"கதவுக்கு வெளியே அவளைப் பெற்ற தாய் நின்றுகொண்டிருந்தாள்" என்று வாசித்தேன். அதோடு பக்கம் முடிந்துவிட்டது. கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள், கதையை எழுதியதே நான்தான் என்பதுபோல.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எனக்குப் பதினேழு வயது. அங்கே பெட்டி ஒட்டியவர்களில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வாசிப்பது என் வேலை. விரலில் பசை காய்ந்திருக்க, பழையதைப் பிசைந்தபடி எல்லாரும் கேட்பார்கள்.

தாய் காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு சிறுமியின் கதை. பேசும் மயில்கள் அவளை வளர்க்கின்றன. அவள் பெரியவளானதும் பக்கத்து நாட்டு இளவரசன் அவள்மேல் உயிரையே வைத்துவிடுகிறான்.

முருகம்மாளுக்கு மயில்கள்மேல் நம்பிக்கையே இல்லை. "மயிலு எப்படிப் பாலு குடுக்கும்?" என்று வாராவாரம் கேட்பாள். ஆனால் இளவரசன் வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாள்.

அன்றைக்கு ராக்காயி அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கூட்டத்தில் மூத்தவள் அவள்தான். கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் எழுதுவதை ஊர்ப்பெயரோடு போடுகிறார்களே, நாமும் ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டால் என்ன?

விருதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு எழுத வைத்திருந்த கார்டை எடுத்தேன்.

"ஏட்டி பஞ்சம்மா, அந்தத் தாய்க்காரிய உள்ளயே விடக் கூடாதுன்னு எழுது. பெத்ததப் போட்டுட்டுப் போனவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் ராக்காயி அக்கா.

எழுதினேன்.

மாசி முடிவதற்குள் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்றாள் முருகம்மாள். அதையும் எழுதினேன்.

அப்போதுதான் சோலையம்மாள் பேசினாள்.

அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். தனியாக இருந்தாள். யாரும் அவளைத் தேடி வந்ததில்லை. கதையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்தப் பிள்ள கதவத் தொறந்ததும், 'என்னைய விட்டுட்டுப் போன அன்னைக்கு நீ சாப்பிட்டியாம்மா'ன்னு கேக்கணும். அத எழுது, பஞ்சு."



ராக்காயி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, நீ பெத்தத எங்கன விட்டுட்டு வந்தே?"

சோலையம்மாள் எழுந்து கை கழுவப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முருகம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"அத எழுதிறாத" என்று ராக்காயி அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

எல்லாரும் உள்ளே போனதும், கார்டைத் திருப்பிப் பிடித்து, ஓரத்தில் எறும்பு எழுத்தில் அதை எழுதினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கார்டைப் பத்திரிகையில் போடவில்லை. அடுத்த வாரம் பார்த்தால், வாசலில் நின்றது தாயே இல்லை, தாயின் உருவத்தில் வந்த மந்திரக்காரி. தான் எழுதச் சொன்னதால்தான் கதையையே மாற்றிவிட்டார்கள் என்று ராக்காயி அக்கா தீபாவளி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடந்த வாரம் முருகம்மாள் எல்லாருக்கும் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாள். உண்மையான தாய் கடைசிவரை வரவே இல்லை.

அதன் பிறகு எத்தனையோ கதைகள் வாசித்துவிட்டேன். அப்படிச் சண்டை போட்டுக்கொண்டு கேட்க பன்னிரண்டு பேர் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஒருநாள் ராக்காயி அக்கா தன் குழம்பில் பாதியை சோலையம்மாளின் சோற்றில் ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் காரம் என்றாள். சோலையம்மாளின் விஷயத்தை அவளிடம் சொன்னது நான்தான்.

எனக்கு அது தெரிந்தது கார்டு எழுதிய அன்று சாயந்திரமே. ஊருக்குள் இருந்த தபால்பெட்டி வரைக்கும் சோலையம்மாள் என்னோடு நடந்து வந்தாள்.

"எழுதினியா?"

ஓரத்தைக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். நான் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, உங்க பிள்ளைக்கு இப்ப எம்புட்டு வயசிருக்கும்?"

சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கேது பிள்ள? சாத்தூர் ஸ்டேசன்ல எங்கம்மா என்னைய உக்கார வச்சிட்டுப் போனப்ப எனக்கு ஆறு வயசு."

கார்டை என்னிடமிருந்து வாங்கி அவளே பெட்டிக்குள் போட்டாள். உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.

"கொண்டாந்த கம்பஞ்சோறு பூராத்தையும் எனக்கே ஊட்டுச்சு, பஞ்சு. சட்டியக் கழுவிட்டு வாரேன்னு போச்சு."