ஒரு ஸ்டிக்கர் குறைகிறது

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினான்.

மதர்போர்டின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை ஒரு மூலையிலிருந்து உரிக்கத் தொடங்கினான். மெல்ல. ஆபரேஷன் கட்டைப் பிரிப்பதுபோல.

கிர்ர்ர் என்றது.

இந்தச் சத்தத்துக்காகவே அவன் சேனலைப் பார்க்கிறவர்கள் உண்டு. முதன்முதலாக உரிக்கிற சத்தம்.

முதன்முதல் எல்லாம் இல்லை. விமர்சனத்துக்கென்று கம்பெனி அனுப்புவது ஒரே ஒரு போர்டுதான். அது கை மாறி, கை மாறி வரும். பார்த்து முடித்தவர் தாளைக் குமிழி விழாமல் திரும்ப ஒட்டி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவரும் முதன்முதலாக உரிப்பார். எழுதாத சட்டம். இதுவரை யாரும் மீறியதில்லை.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பெட்டி நகைக்கடைப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே வெல்வெட். போர்டின் பெயரே ஒன்றரை வரி. கவசம், இறக்கை, கலர் மாறும் விளக்கு. கணினிக்குள் வைத்து மூடப்போகிற பலகைக்குக் கல்யாண அலங்காரம்.

கூட வந்த சீர்வரிசையை மேசையில் பரப்பினான். சுறாவின் துடுப்பு போல ஒரு வைஃபை ஆன்டெனா. குட்டி ஸ்க்ரூடிரைவர். சாவிக்கொத்து. ‘எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு’ என்று தங்க எழுத்தில் ஓர் அட்டை. ஒரு தாள் நிறைய டிராகன் ஸ்டிக்கர்.

தாளில் ஓர் இடம் காலி.

போன் அதிர்ந்தது. மனைவியின் தம்பி மகுடீஸ்வரன். குரல் செய்தி.

“ஏனுங் மாமா, அந்த போர்டு உங்ககிட்ட வந்துருச்சுங்ளா? கடைக்காரன் எடுத்துக்க எடுத்துக்கங்கறான். நான் அசையலீங். எங்க மாமன் வாயால சொல்லட்டும்னு உக்காந்திருக்கறனுங்.”

பெருந்துறையில் மகுடீஸ்வரனுக்குக் கல்யாண வீடியோ தொழில். எடுத்ததையெல்லாம் சேர்த்து ஒரு கல்யாணப் படமாகக் கணினி அரைத்துக் கொடுக்க ராத்திரி முழுக்கப் பிடிக்கும். இருப்பது ஒரே படுக்கையறை. ஒரு சுவரோரம் கணினி. எதிர்ச் சுவரோரம் அவன் மனைவி பூங்கொடியும் கைக்குழந்தையும்.

போனைக் கவிழ்த்து வைத்தான். காணாமல் போன டிராகனைத் தேடினான்.

போர்டின் மேல் மூலையில் இருந்தது. பவர் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், வடிவமைப்பின் ஒரு பகுதிபோல, கம்பீரமாக.

நகத்தால் நெம்பினான்.

அடியில் ஒரு பழுப்பு வட்டம். செருகும் இடத்தின் பிளாஸ்டிக் ஓரம் வெல்லப்பாகு போல இளகி, உறைந்திருந்தது.

முகர்ந்து பார்த்தான். முகர்ந்திருக்க வேண்டாம்.

முந்தைய கையில் இருந்தவரின் வீடியோவைத் திறந்தான். கொடுமுடிக்காரர், எட்டு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். “ராஜா மாதிரி போர்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேல் மூலையில் டிராகன் இருந்தது.

அவருக்கும் முந்தையவரின் வீடியோ. மேல் மூலையில் டிராகன் இல்லை. கருகலும் இல்லை.

கேபிளைச் சரியாகச் செருகாமல் விட்டிருப்பார், அந்த எட்டு லட்சம்.

அவன் அழுத்திச் செருகினான். ஓட விட்டான். கலர் கலராக மின்னியது. கொஞ்ச நேரத்தில் அதே வாடை. கேபிளைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு, சுவிட்சை அணைத்தான்.

கம்பெனியின் விளம்பரப் பிரிவுப் பெண் அழைத்தாள். அடுத்த மாதம் தைபேயில் புது மாடல்களின் அறிமுக விழா. விமானத்தில் யார் யார் என்று முடிவு செய்வது அவள்தான்.

“நேர்மையாச் சொல்லுங்க சார், நாங்க தடுக்கவே மாட்டோம். ஆனா பாசிட்டிவா நேர்மையாச் சொல்லுங்க.”

உரித்த டிராகனைத் திரும்ப ஒட்டினான். பசை போயிருந்தது. நிற்கவில்லை.

தாளிலிருந்து இன்னொன்றை எடுத்தான். சற்றுப் பெரியதாக.

கேமராவை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினான். ஆன்டெனாவின் அழகைப் பேசினான். வெல்வெட்டைப் பேசினான். ஸ்க்ரூடிரைவரை மட்டும் ஐந்து நிமிடம் பேசினான். முடிவில் ஒரு கணம் நிறுத்தி, “நம்பி வாங்கலாம்” என்றான்.

அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நன்றாக வந்திருந்தது. வெட்டாமல் அப்படியே சேனலில் ஏற்றினான்.

கண்ணாடித்தாளைப் போர்டின் மேல் பரப்பி, ஏடிஎம் கார்டின் விளிம்பால் நீவினான். ஒரு குமிழி இல்லை. பெட்டி அடுத்தவருக்கு, சேலத்துக்குப் போனது.

அடுத்த வாரம் வேறொரு பெட்டி. வேறொரு தாள். காலையிலிருந்து நாலைந்து தடவை உரித்து, ஒட்டி, உரித்துப் பார்த்ததில் மதியமாகிவிட்டது. சத்தம் சுத்தமாகப் பதிய வேண்டும் என்று போனை ஊமையாக்கி அலமாரியில் வைத்திருந்தான்.

எடுத்துப் பார்த்தான்.

காலையில் வந்த குரல் செய்தி ஒன்று.

“மாமா, நீங்க சொன்ன போர்டு வாங்கி மாட்டியாச்சுங். சும்மா பறக்குதுங். ஒரு கல்யாணத்த ஓட உட்டுட்டு நான் மண்டபத்துக்குக் கெளம்பறனுங். பாப்பாவும் அவளும் அசந்து தூங்கறாங்க. லேசா என்னமோ கருகற மாதிரி ஒரு வாசம். புதுசுன்னா அப்படித்தானுங்களே?”

அதற்குக் கீழே பூங்கொடியின் எண்ணிலிருந்து அழைப்புகள். ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக.

பிறகு இல்லை.



முதலில் வீடியோவை நீக்கினான்.

பிறகு அழைத்தான்.